காசு கேள்வி பதில்: எழுத்தைப் பாத்து வாங்காதீங்க, படத்தைப் பாத்து வாங்குங்க

இந்தத் தடவை வந்த கேள்விங்க நிறைய ஒரே விஷயத்தைச் சுத்தித்தான் இருந்துச்சு. ஆன்லைன்ல பழைய காசு வாங்கினேன், சொன்ன கிரேடு, அதாவது தரம், இல்ல, இல்லன்னா காசே போலின்னு. அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: சார், நான் காலேஜ் படிக்கிறேன். 1881-எஸ் மார்கன் டாலர் (பழைய அமெரிக்க வெள்ளி டாலர்) ஒண்ணு ஆன்லைன்ல வாங்கினேன். விக்கிறவர் 'எம்எஸ் 65, ஜெம்'னு போட்டிருந்தார், ஸ்லாப், அதாவது கிரேடு போட்டு அடைச்ச பிளாஸ்டிக் டப்பா, எதுவும் இல்ல. என் ஃப்ரெண்டு பாத்துட்டு இது ஏயூ கூட வராது, துடைச்ச காசுன்னு சொல்றான். யார் சொல்றதை நம்புறது?

தம்பி, ரெண்டு பேரையும் நம்ப வேணாம், காசைக் கேளுங்க. அதுக்கு முன்னாடி இந்த 65ங்கிற நம்பர் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும். வில்லியம் ஷெல்டன்னு ஒருத்தர் 1949-ல அமெரிக்காவோட பழைய பெரிய சென்ட் காசுகளுக்காக 1-லேருந்து 70 வரைக்கும் ஒரு அளவு போட்டார், அதைத்தான் பின்னாடி எல்லாக் காசுக்கும் எடுத்துக்கிட்டாங்க. 1986-ல பிசிஜிஎஸ், 1987-ல என்ஜிசின்னு ரெண்டு அமெரிக்க கிரேடிங் கம்பெனிங்க வேலையை ஆரம்பிச்சு, காசைப் பாத்து நம்பர் போட்டு பிளாஸ்டிக் டப்பாக்குள்ள அடைச்சுக் குடுக்க ஆரம்பிச்சப்புறம்தான் இந்த நம்பருக்கு சந்தையில இவ்வளவு மரியாதை. ஆனா அந்த மரியாதை அவங்க போட்ட நம்பருக்குத்தான். விக்கிறவர் தானா டைப் பண்ணின 65 அவரோட ஆசை, அவ்வளவுதான்.

இப்ப காசைப் பாப்போம். 60-ம் அதுக்கு மேலயும்னா எம்எஸ், ஒரு துளி கூடத் தேய்மானம் இருக்கக் கூடாது, புழக்கத்துல போகாத காசு. 50-லேருந்து 58 வரைக்கும் ஏயூ, அதாவது மேடான இடத்துல மட்டும் லேசா தேஞ்சது. நிறைய பேர் ஏமாறுறது இந்த 58-க்கும் 60-க்கும் நடுவுல இருக்கிற கோட்டுலதான், ஏன்னா 58 காசு ஒண்ணு பாக்குறதுக்கு 62 காசை விட அழகா இருக்கலாம். மார்கன் டாலர்ல எங்க பாக்கணும்னா அந்தப் பெண் தலையில காதுக்கு மேல இருக்கிற முடி, பின்பக்கம் கழுகோட நெஞ்சு. அங்க மொழுமொழுன்னு இருந்தா ரெண்டு காரணம் இருக்கலாம், ஒண்ணு தேய்மானம், இன்னொண்ணு அடிக்கும்போதே அச்சு சரியா அழுத்தாம விட்டது. நியூ ஆர்லியன்ஸ்ல அடிச்ச மார்கன் நிறைய அப்படித்தான், புதுசுலேயே நெஞ்சு தட்டையா இருக்கும். ஆனா உங்க காசுல இருக்கிற 'எஸ்' சான் ஃபிரான்சிஸ்கோ நாணய அச்சகத்தோட எழுத்து, 1881-ல அங்க அடிச்சது, அந்த வருஷம் அங்க அடிச்சதெல்லாம் பொதுவா நல்லா ஆழமா, கூர்மையா விழுந்த காசு. அதுல காது மேல தட்டையா இருந்தா, அச்சு மேல பழி போட முடியாது.

சந்தேகமா இருந்தா இன்னொரு வழி. ஒரே ஒரு விளக்கை மட்டும் போட்டு, காசோட ஓரத்தைப் புடிச்சு மெதுவா சாச்சுத் திருப்புங்க. புழங்காத காசுன்னா வெளிச்சம் வண்டிச் சக்கரத்தோட ஆரம் மாதிரி காசு மேல சுத்தி வரும். அடிக்கும்போது உலோகம் அச்சுக்குள்ள வெளிப்பக்கமா ஓடின நுண்ணிய வரிங்கதான் அந்த ஜொலிப்பைக் குடுக்குது. மேடான இடத்துக்கு வரும்போது அந்தச் சக்கரம் அறுந்து, அங்க மட்டும் மங்கலா சாம்பல் நிறமாத் தெரிஞ்சா தேஞ்சிருக்கு, அறுபடாம அதே ஜொலிப்போட தாண்டிப் போனா அச்சு அழுத்தம்தான் குறைவு. அப்படியே உங்க ஃப்ரெண்டு சொன்னதையும் பாத்துருங்க. துடைச்ச காசுன்னா சக்கரமே வராது, அதுக்குப் பதிலா மயிரிழை மாதிரி கோடுங்க ஒரே திசையில கூட்டமா ஓடும். புழக்கத்துல விழுற கீறல் அங்கொண்ணு இங்கொண்ணா கிடக்கும், துணியால தேச்ச கோடு வரிசையா நிக்கும், எழுத்துங்க பக்கத்துல போய் துணி எட்டாத மூலையில நின்னுரும். அப்படி இருந்தா பெரிய கம்பெனிங்க நம்பரே போட மாட்டாங்க, 'டீடெய்ல்ஸ், கிளீன்டு'ன்னு எழுதித் திருப்பிருவாங்க. 1881-எஸ் நல்ல கிரேடுலயே ஏராளமா கிடைக்கிற காசு தம்பி, துடைச்சதை வச்சுக்கிட்டு மனசைத் தேத்திக்க வேண்டிய அவசியமே இல்ல, திருப்பி அனுப்புங்க.

கேள்வி: காசு கைக்கு வந்தா சாச்சுப் பாக்கலாம். வாங்குறதுக்கு முன்னாடி வெறும் போட்டோவை வச்சுக்கிட்டு என்னங்க பண்றது?

சரியான கேள்விங்க, இதுக்குத்தான் தலைப்பே வச்சேன். எனக்கு நடந்ததைச் சொல்றேன். ஆரம்பத்துல ஒரு வெள்ளிக் காசு, போட்டோவுல பளபளன்னு வெள்ளை வெளேர்னு இருந்துச்சு, எழுதியிருந்ததைப் படிச்சுப் படிச்சு சந்தோஷப்பட்டு வாங்கிட்டேன். வந்தப்புறம் விளக்குக்குக் கீழ புடிச்சா காசு முழுக்கக் கோடு, யாரோ பாலிஷ் போட்டுத் தேச்சிருக்காங்க. திரும்ப அந்தப் போட்டோவை எடுத்துப் பாத்தேன். பொய் சொன்னது எழுத்துதான். போட்டோ உண்மையைத்தான் மறைச்சு வச்சிருந்துச்சு, அதிக வெளிச்சத்துல எடுத்ததால படமோ எழுத்தோ இல்லாத வெறும் இடம் (அதைத்தான் மைதானம்னு சொல்லுவோம்) முழுக்க வெள்ளையா எரிஞ்சு போயிருந்துச்சு, ஒரு கீறல் கூடத் தெரியல. கீறலே தெரியாத போட்டோன்னா கீறல் இல்லாத காசுன்னு அர்த்தம் இல்லங்க, எதுவுமே தெரியாத போட்டோன்னு அர்த்தம். அன்னிலேருந்து என் பழக்கம், முதல்ல விவரத்தைக் கையால மறைச்சுக்கிட்டுப் படத்தை மட்டும் பாத்து நானே ஒரு கிரேடு மனசுல போட்டுக்குவேன், அப்புறம்தான் அவர் என்ன எழுதியிருக்கார்னு படிப்பேன். ரெண்டுக்கும் ரொம்ப தூரம்னா விட்டுருவேன்.

என்ன பாக்கணும்னா, மங்கலா, சின்னதா, தூரத்துலேருந்து எடுத்த படம், ஒரு பக்கம் மட்டும் இருக்கிற படம், பிளாஸ்டிக் கவருக்குள்ள வச்சு எடுத்து கவரோட பளபளப்பு காசு மேல விழுற படம், இதெல்லாம் வேணும்னே எடுத்ததாவும் இருக்கலாம், தெரியாம எடுத்ததாவும் இருக்கலாம், ரெண்டுமே உங்களுக்கு உதவாது. வேற படம் கேளுங்க. முன்பக்கம், பின்பக்கம், அப்புறம் ஓரம், ஓரம் ரொம்ப முக்கியம், அதைத்தான் யாரும் போட மாட்டாங்க. தராசு மேல காசை வச்சு நம்பர் தெரியுற மாதிரி ஒரு படம். காசு பக்கத்துல ஒரு துண்டுச் சீட்டுல அன்னிக்குத் தேதியை எழுதி வச்சு ஒரு படம், இது எதுக்குன்னா படம் அவரோடதுதானா, காசு அவர் கையில இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுரும். முடிஞ்சா காசைச் சாச்சுக் காட்டுற பத்து செகண்ட் வீடியோ. இதைக் கேட்டா எரிச்சல் படுறவர்கிட்ட வாங்காதீங்க. உண்மையான வியாபாரி இந்தக் கேள்விக்கெல்லாம் பழகினவர், சந்தோஷமா அனுப்புவார். படத்தை எடுத்து இமேஜ் சர்ச்சுலயும் போட்டுப் பாருங்க, ஏதாவது ஏலக் கம்பெனியோட பழைய பக்கத்துலேருந்து எடுத்த படமா இருந்தா அங்கேயே மாட்டிக்கும்.

ஒப்பிட்டுப் பாக்குறதுக்கு பிசிஜிஎஸ் வெப்சைட்ல ஃபோட்டோகிரேடுன்னு ஒரு பக்கம் இலவசமா இருக்கு, அமெரிக்கக் காசுங்களுக்கு ஒவ்வொரு கிரேடுக்கும் படம் வச்சிருக்காங்க. விக்கிறவர் போட்ட படத்தை ஒரு பக்கமும் அதை இன்னொரு பக்கமும் திறந்து வச்சுக்கிட்டு அரை மணி நேரம் உக்காந்தீங்கன்னா கண்ணு தானாப் பழகிரும்.

கேள்வி: 'எங்க தாத்தா சேத்து வச்சது, எனக்கு காசைப் பத்தி எதுவும் தெரியாது, படத்தைப் பாத்து முடிவு பண்ணிக்கோங்க, ரிட்டர்ன் கிடையாது'ன்னு ஒருத்தர் போட்டிருக்கார். நல்ல காசு மாட்டுமா அண்ணே?

தாத்தா காசா இருக்கலாம்தான். ஆனா அவர் விக்கிற மத்த பொருளையும் போய்ப் பாருங்க. இதே தாத்தா கதையோட இன்னும் நாப்பது அரிய காசு வித்துக்கிட்டிருந்தா, கூடவே காசு வைக்கிற டப்பாவும் லென்ஸும் வித்தா, அவருக்கு எல்லாம் தெரியும். ஃபீட்பேக்கை எண்ணிக்கையாப் பாக்காதீங்க, எதுக்கு வந்த ஃபீட்பேக்னு பாருங்க, ஐநூறு பேர் நல்லாச் சொல்லியிருக்காங்கன்னு பாத்தா எல்லாமே செல்ஃபோன் கவர் வாங்கினவங்களா இருக்கும். தெரியாதுன்னு சொல்றவர் ரிட்டர்னும் எடுக்க மாட்டேன்னு சொன்னா, ஏதாவது ஆனா அது முழுக்க உங்க தலையிலதான்.

கேள்வி: 1872 தேதி போட்ட அமெரிக்க டிரேட் டாலர் வச்சிருக்கேன். காந்தம் ஒட்டல. அப்ப வெள்ளிதானே?

ஐயா, மன்னிச்சுக்கோங்க, காந்தம் வரைக்கும் போகவே வேணாம். டிரேட் டாலர் அடிக்க ஆரம்பிச்சதே 1873-லதான். 1872-ல அப்படி ஒரு காசே கிடையாது. போலி பண்றவங்களுக்கு வரலாறு தெரியாது, தெரிஞ்சாலும் கவலை இல்ல, அதனால இல்லாத தேதி போட்ட காசு நிறையவே சுத்துது. இதே மாதிரி மார்கன் டாலர்ல கார்சன் சிட்டி அச்சகத்தோட 'சிசி' முத்திரை 1878-லேருந்து 1885 வரைக்கும், அப்புறம் 1889-லேருந்து 1893 வரைக்கும்தான். 1887 சிசின்னு ஒருத்தர் வித்தா அதுக்கு லென்ஸே தேவையில்ல. வாங்குறதுக்கு முன்னாடி அந்தக் காசு எந்தெந்த வருஷம், எந்தெந்த அச்சகத்துல அடிச்சாங்கன்னு கேட்டலாக்ல ரெண்டு நிமிஷம் பாத்துருங்க.

காந்தத்தைப் பத்தியும் சொல்லிர்றேன், ஏன்னா இந்தக் குழப்பம் நிறைய பேருக்கு இருக்கு. வெள்ளி, தங்கம், செம்பு மூணும் காந்தத்துல ஒட்டாது. அதனால ஒட்டினா அது வெள்ளி இல்லன்னு உறுதி. ஆனா ஒட்டலன்னா வெள்ளின்னு உறுதி இல்ல, பித்தளையும் ஒட்டாது, ஈயமும் ஒட்டாது. காந்தத்துல ஒட்டாத உலோகத்துல பண்ற போலி நிறையவே இருக்கு.

நம்ப வேண்டியது எடை. டிரேட் டாலர் 27.22 கிராம், மார்கன் 26.73 கிராம், ரெண்டுமே 38.1 மில்லிமீட்டர், 90 சதவீதம் வெள்ளி. அச்சகத்துல 0.1 கிராமுக்கும் கம்மியான வித்தியாசத்தைத்தான் விட்டாங்க. தேஞ்ச காசு கொஞ்சம் எடை குறையும், ஏறவே ஏறாது. வெள்ளி கனமான உலோகம்ங்க. அதே அகலம் அதே தடிமன்ல செம்பு நிக்கல்ல பண்ணினா எடை 23 கிராம் பக்கத்துலதான் நிக்கும். எடையைச் சரி பண்ணணும்னா காசை தடிமனாக்கணும், அப்ப தடிமன் அளக்கிற காலிப்பர்ல மாட்டும். அதனால எடை, அகலம், தடிமன் மூணையும் சேத்துப் பாருங்க, ஒண்ணை மட்டும் பாத்தா ஏமாத்த முடியும், மூணையும் ஏமாத்துறது கஷ்டம்.

மூணும் சரியா இருந்தும் மனசு ஒப்பலன்னா தண்ணிச் சோதனை. 0.01 கிராம் காட்டுற தராசு மேல ஒரு கிளாஸ் தண்ணி வச்சு நம்பரை சைபர் ஆக்குங்க. காசை மெல்லிய நூல்ல கட்டித் தண்ணிக்குள்ள முழுசா முங்குற மாதிரி தொங்க விடுங்க, அடியிலயும் பக்கத்துலயும் படக் கூடாது. இப்ப தராசு காட்டுற நம்பரால காசோட எடையை வகுங்க. அசல் மார்கன்னா தராசு 2.6 பக்கம் காட்டும், வகுத்தா 10.3 வரும், 90 சதவீத வெள்ளியோட அடர்த்தி அது. 8.5, 8.9ன்னு வந்தா பித்தளையோ செம்புக் கலவையோ. காசுக்கு ஒரு சேதமும் இல்ல, முடிஞ்சதும் தேய்க்காம மெத்துன்னு துணியில ஒத்தி எடுத்தாப் போதும்.

கேள்வி: அப்ப எடையும் உலோகமும் சரியா இருந்தா அசல்னு நிம்மதியா இருக்கலாமா?

இருக்க முடியாதுங்க. 1950, 60-கள்ல பெய்ரூட் பக்கம் பிரிட்டிஷ் சாவரின் தங்கக் காசுங்களைப் போலியா அடிச்சாங்க, அதுல நிறைய தங்கத்துலதான் அடிச்சது. சாவரின்னுக்கு 7.98 கிராம், 22 காரட், அதெல்லாம் கிட்டத்தட்ட சரியாவே இருக்கும். காசா வித்தா தங்கத்தோட மதிப்பை விட அதிகம் கிடைக்குதுன்னா தங்கத்துலயே போலி பண்றதும் லாபம்தானே. 1917-ல லண்டன்ல அடிச்ச சாவரின் அரிதானது, அதனாலயே அந்தத் தேதியில போலி அதிகம். இங்கெல்லாம் தராசு கையை விரிச்சுரும், அச்சு எப்படி விழுந்திருக்குன்னுதான் பாக்கணும்.

போலி பண்ற விதத்தைத் தெரிஞ்சுக்கிட்டா எங்க பாக்கணும்னு புரியும். ஒண்ணு வார்ப்பு. அசல் காசை வச்சு மோல்டு எடுத்து உருக்கி ஊத்துறது. இதுல எழுத்தோட ஓரம் சோப்புக் கட்டி கரைஞ்ச மாதிரி உருண்டிருக்கும், மைதானத்துல காத்துக் குமிழி உடைஞ்ச சின்னச் சின்னக் குழி இருக்கும், ஓரத்துல ரெண்டு பாதி சேந்த கோடு இருக்கும், அந்தக் கோட்டை அரம் போட்டு ராவியிருந்தா அந்த ராவினதே சாட்சி. இன்னொண்ணு அசல் காசுலேருந்து அச்சையே காப்பி எடுத்து அழுத்தி அடிக்கிறது. இது கூர்மையா விழும், கண்ணை ஏமாத்தும். ஆனா இதுக்கு ஒரு பலவீனம் உண்டு. காப்பி எடுத்த அந்த அசல் காசுல கன்னத்துல ஒரு அடி, மைதானத்துல ஒரு கீறல்னு இருந்திருக்கும்ல, அதெல்லாம் அச்சுக்குள்ள போயி, அடிக்கிற ஒவ்வொரு போலியிலயும் அதே இடத்துல அதே வடிவத்துல விழும். ரெண்டு தனித்தனி காசுக்கு ஒரே இடத்துல ஒரே அடி விழ வாய்ப்பே இல்ல. அதனாலதான் ஒரு காசை வாங்குறதுக்கு முன்னாடி அதே தேதி போட்ட மத்த காசுங்களோட படத்தையும், அதே ஆளு முன்னாடி வித்த காசோட படத்தையும் எடுத்து வச்சுப் பாக்கச் சொல்றேன். அதே மாதிரி மைதானத்துலேருந்து புடைச்சு நிக்கிற கட்டி, எழுத்துக்கு நடுவுல ஊசியால கீறின மாதிரி புடைப்புக் கோடு, இதையும் தேடுங்க. புழக்கத்துல விழுற அடி குழியாத்தான் இருக்கும், புடைச்சு நின்னா அது அச்சுலேருந்து வந்தது. அசல் அச்சுலயும் விரிசல், தேய்ச்ச கோடு எல்லாம் வரும், அதனால புடைப்பு ஒண்ணைப் பாத்த உடனே போலின்னு கத்தவும் கூடாது, அந்தக் காசுக்கு அது வழக்கமான்னு பாக்கணும்.

கேள்வி: வம்பே வேணாம்னு ஸ்லாப்ல இருக்கிற காசு மட்டும் வாங்குறேன். அது பாதுகாப்புதானே சார்?

பெரிய அளவுக்குப் பாதுகாப்புதான். ஆனா மூணு விஷயம் பாருங்க. முதல்ல, ஸ்லாப் யாரோடது? பிளாஸ்டிக் டப்பா யார் வேணாலும் செய்யலாம், தன் காசுக்குத் தானே 'எம்எஸ் 67'னு சீட்டு அடிச்சு ஒட்டி விக்கிறவங்க இருக்காங்க. பேர் தெரியாத கம்பெனி ஸ்லாப்ல இருக்கிற காசை டப்பா இல்லாத காசாவே நினைச்சுப் பாருங்க. ரெண்டாவது, ஸ்லாபையே போலி பண்றாங்க. பிசிஜிஎஸ், என்ஜிசி ரெண்டு பேரோட வெப்சைட்லயும் அந்த நம்பரைப் போட்டுப் பாக்கலாம், ஆனா நம்பர் வருதுன்னு நின்னுராதீங்க, போலிக்காரங்க உண்மையான நம்பரைத்தான் காப்பி அடிக்கிறாங்க. அங்க வர்ற தேதி, கிரேடு பொருந்துதா, படம் இருந்தா கறையும் கீறலும் அதே இடத்துல இருக்கான்னு பாருங்க. மூணாவது, சீட்டோட படத்தை முழுசாப் பாருங்க. 'டீடெய்ல்ஸ்'னு எழுதியிருக்கிற ஓரத்தை மட்டும் வெட்டிட்டுப் போடுறவங்களை நான் பாத்திருக்கேன்.

ஸ்லாப்ல இருக்கிற நம்பரும் மனுஷங்க போட்டதுதான். ஒரே 64-ல நல்ல 64-ம் இருக்கும், 63-லேருந்து தட்டுத் தடுமாறி ஏறினதும் இருக்கும். அதுக்காகவே 2007-லேருந்து சிஏசின்னு ஒரு கம்பெனி, ஏற்கெனவே ஸ்லாப் ஆன காசை மறுபடி பாத்து, சொன்ன கிரேடுக்கு உறுதியா நிக்குதுன்னா மட்டும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுறாங்க. அசல் போலி விஷயத்துலயும் நிபுணர்ங்க தவறியிருக்காங்க. மார்கன் டாலர்ல 1896, 1900, 1902 தேதியில நியூ ஆர்லியன்ஸோட 'ஓ' எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கிற ஒரு வகை உண்டு, பல வருஷம் அதை அரிய வகைன்னு சேத்தாங்க, ஸ்லாபும் ஆச்சு. 2005-ல பிசிஜிஎஸ்ஸே இது மூணும் அந்தக் காலத்துலயே போலியா அடிச்சதுன்னு சொல்லிருச்சு. எதை வச்சுன்னா, வேற வேற வருஷத்துக் காசுங்க பின்பக்கத்துல ஒரே அச்சோட அடையாளம் இருந்துச்சு. நான் இப்ப சொன்ன அதே திரும்பத் திரும்ப வர்ற அடையாளம்தான். அதை ஒத்துக்கிட்டு வெளிய சொன்னாங்க பாருங்க, அந்த நேர்மைக்காகவே எனக்கு அவங்க மேல மரியாதை கூடுச்சு.

கேள்வி: 1914-டி சென்ட், 1943 செம்பு சென்ட் ரெண்டும் ஒரே ஆள் விக்கிறார். வாங்கலாமா?

ரெண்டுமே தேதியை மாத்திப் பண்ற போலிக்குப் பேர் போன அமெரிக்க சென்ட் காசு, 'டி'ன்னா டென்வர் அச்சகம். 1914-டி-யை 1944-டி-லேருந்து பண்ணுவாங்க, முதல் 4-ஐச் சுரண்டி 1 ஆக்கிருவாங்க. அப்ப 9-க்கும் 1-க்கும் நடுவுல இடைவெளி அதிகமாத் தெரியும். இன்னும் நல்ல அடையாளம், காசுல இருக்கிற லிங்கனோட தோள்பட்டைக்குக் கீழ 'விடிபி'ன்னு வடிவமைச்சவரோட மூணு எழுத்து. அந்த எழுத்து அந்த இடத்துக்கு வந்ததே 1918-லதான். 1914 காசுல அது இருந்தா கதை முடிஞ்சுது. 1943-ல போர் காரணமா சென்ட்டை துத்தநாகம் பூசின எஃகுல அடிச்சாங்க, தவறிப் போய் செம்புல விழுந்தது விரல் விட்டு எண்ணுற அளவுதான். எஃகு சென்ட்டுக்குச் செம்பு முலாம் பூசினா காந்தத்துல ஒட்டும், எடை 2.7 கிராம்தான் வரும். 1948-ல இருக்கிற 8-ஐச் சுரண்டி 3 ஆக்கினா காந்தத்துல ஒட்டாது, எடையும் 3.11 சரியா இருக்கும், அங்க அந்த 3-ஐத்தான் லென்ஸ்ல பாக்கணும். இப்படிப்பட்ட காசை ஸ்லாப் இல்லாம, அதுவும் ரெண்டையும் ஒரே ஆள்கிட்ட, வாங்கவே வாங்காதீங்க.

கேள்வி: 1818 கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு அணா, ராமர் சீதை அனுமார் படத்தோட, ரொம்ப ரேர்னு சொல்றாங்க. அப்புறம் 1780 மரியா தெரசா வெள்ளிக் காசு. ரெண்டும் வாங்க ஆசையா இருக்கு.

அம்மா, முதல் காசைக் கம்பெனி அடிச்சதே இல்ல. பின்னாடி யாரோ கோயில் டோக்கன் மாதிரி செஞ்சது, கம்பெனி பேரும் ஒரு பழைய தேதியும் போட்டு விக்கிறாங்க. சாமி படம்னு வச்சுக்கலாம், காசுன்னு நினைச்சுப் பணம் குடுக்காதீங்க. 1835-ல வந்த கம்பெனியோட நிஜமான செப்புக் கால் அணாவை ஒரு தடவை படத்துல பாருங்க, அதுல இருக்கிறது கம்பெனியோட சின்னம்.

ரெண்டாவது காசு அசல்தான், தேதிதான் விஷயம். மரியா தெரசா இறந்த வருஷம் 1780. அப்புறமும் வியாபாரத்துக்காக அதே தேதியைப் போட்டே இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் பல ஊர் அச்சகத்துல அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. 28.07 கிராம், நல்ல வெள்ளி, அழகான காசு. வெள்ளி விலைக்குப் பக்கத்துல கிடைச்சா வாங்குங்க, இருநூறு வருஷத்துக்கு மேலான பழசுன்னு விலை சொன்னா வேணாம்.

கேள்வி: வந்தது போலின்னு உறுதியாயிருச்சு. இப்ப என்ன பண்றது?

முதல்ல காசைத் தொட்டுத் தேச்சு, கழுவி, சுரண்டிப் பாக்காதீங்க, வந்த மாதிரியே இருக்கணும். பார்சல் பிரிக்கும்போதே வீடியோ எடுக்கிற பழக்கம் வச்சுக்கோங்க, இதுவரைக்கும் எடுக்கலன்னா இனிமேலாவது. தராசுல வச்சு எடை, ஓரம், ரெண்டு பக்கம், எல்லாத்தையும் படம் எடுத்து, அசல் காசோட எடை அகலத்தையும் பக்கத்துல எழுதி, வாங்கின தளத்துலேயே 'விவரத்துல சொன்ன பொருள் இல்ல'ன்னு புகார் போடுங்க. நாள் கணக்கு இருக்கும், விக்கிறவர் 'அடுத்த வாரம் பாக்கலாம்'னு இழுத்தா நம்பாதீங்க, அந்த நாள் முடியத்தான் இழுக்கிறார். கார்டுல குடுத்திருந்தா பேங்க் மூலமாவும் கேக்கலாம். 'தளத்துக்கு வெளிய நேரா பணம் அனுப்புங்க, கொஞ்சம் குறைச்சுத் தர்றேன்'னு சொன்னவர்கிட்ட அனுப்பியிருந்தா திரும்ப வாங்குறது ரொம்பக் கஷ்டம், அதனால அந்தப் பேச்சு வந்தாலே விலகிருங்க. அப்புறம் ஒண்ணு, போலின்னு தெரிஞ்சும் அதை வேற யார் தலையிலயும் கட்டாதீங்க. அமெரிக்காவுல நகல் காசு மேல 'காப்பி'ன்னு முத்திரை இருக்கணும்னு 1973-லயே சட்டம் வந்துச்சு. உங்ககிட்ட இருக்கிறதுக்கு அந்த முத்திரை இல்லன்னா நீங்களே ஒரு உறையில போட்டு போலின்னு பெருசா எழுதி வைங்க, நாளைக்கு உங்க வீட்டுப் பிள்ளைங்க தெரியாம வித்துரக் கூடாது.

கேள்வி: என் பேரனுக்குப் பன்னெண்டு வயசு, காசு சேக்கணும்னு ஆசை. எதுலேருந்து ஆரம்பிக்கச் சொல்லட்டும்?

10 மடங்கு லென்ஸ் ஒண்ணு, 0.01 கிராம் தராசு ஒண்ணு, காலிப்பர் ஒண்ணு. அப்புறம் அவனுக்குப் புடிச்ச வகையில ரொம்ப சாதாரணமான, போலி பண்ணினா யாருக்கும் லாபமில்லாத அசல் காசு ஒண்ணு வாங்கிக் குடுங்க. அதைத் தினமும் லென்ஸ்ல பாக்கட்டும், எழுத்து எப்படி மைதானத்துலேருந்து நேரா எழும்புது, ஓரத்துல பல்லு எவ்வளவு நெருக்கமா இருக்கு, பின்பக்கத்தைப் பாக்க மேலயும் கீழயுமாத் திருப்பணுமா பக்கவாட்டுலயான்னு அவனே ஒரு நோட்டுல எழுதட்டும். 1944 தேதி போட்டு ஹென்னிங்னு ஒருத்தர் அமெரிக்க அஞ்சு சென்ட் காசைப் போலியா அடிச்சார். போர்க்காலத்துல அடிச்ச அந்த அஞ்சு சென்ட் காசுல, பின்பக்கம் இருக்கிற மாளிகைக்கு மேல பெரிய அச்சக எழுத்து கண்டிப்பா இருக்கணும், அவர் அதை விட்டுட்டார். தினமும் கையில புழங்கின அசலை உத்துப் பாத்தவங்க கண்ணுலதான் அது பட்டுச்சு. உங்க பேரனையும் அப்படிப் பாக்கச் சொல்லுங்க, நோட்டு ரொம்பினதும் எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்க, கட்டாயம் பதில் போடுறேன்.